வீடியோ கேம் தவிர வேறென்ன? சிங்கப்பூரில் எளிதாகத் தொடங்கக்கூடிய 6 பொழுதுபோக்குகள்

"உங்க பொழுதுபோக்கு என்ன?"

சுலபமான கேள்விதான். ஆனால் பதில் சொல்லும்போது பலருக்கு நாக்கு தடுமாறும். "போன் பார்ப்பேன்... படம் பார்ப்பேன்... கேம் விளையாடுவேன்..." அதற்கு மேல் போகாது.

ஈராண்டுக்கு முன்பு என் அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். 40 ஆண்டு உழைத்தவர். முதல் மாதம் நன்றாகத் தூங்கினார். இரண்டாம் மாதம் கைத்தொலைபேசியில் மிட்டாய்களை வரிசை சேர்க்கும் விளையாட்டைப் பதிவிறக்கினார். நான்காம் மாதம் பார்த்தால், காலை 6 மணிக்கே சோபாவில் உட்கார்ந்து அதையே விளையாடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?" என்றேன். "நேரமே போக மாட்டேங்குதும்மா" என்றார்.

அவருக்காகத் தேட ஆரம்பித்ததுதான் இந்தத் தொகுப்பு. இளையர், பிள்ளைகள், வேலைக்குச் செல்வோர் அனைவருக்கும் பொருந்தும் ஆறு பொழுதுபோக்குகளை இங்கே பார்ப்போம். எப்படித் தொடங்குவது, என்ன தேவை, எந்த விதிமுறைகளைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

வீடியோ கேம் விளையாடுவது தவறா?

இல்லை. அதுவும் ஒரு பொழுதுபோக்குதான். நண்பர்களோடு சேர்ந்து விளையாடுவதில் மகிழ்ச்சி உண்டு. சில விளையாட்டுகள் மூளைக்கு நல்ல வேலையும் கொடுக்கும்.

சிக்கல் எப்போது வருகிறது? உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றுள்ளது. விளையாட்டின்மீது கட்டுப்பாடு இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முன்னுரிமை கொடுப்பது, பாதிப்பு வந்த பிறகும் தொடர்வது ஆகியவை அதன் அறிகுறிகள். பொதுவாக 12 மாதமாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் விளையாடும் பிள்ளையை உடனே நோயாளி என்று முத்திரை குத்திவிட முடியாது.

ஆக, கேமை நிறுத்துவது இங்கே நோக்கமல்ல. அதைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதே கவலை.

பொழுதுபோக்கு உண்மையிலேயே நல்லதா?

2023ஆம் ஆண்டு 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 93,000க்கும் அதிகமானோரின் தகவல்களை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பொழுதுபோக்கு உடையவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. உடல்நலம், மகிழ்ச்சி, வாழ்க்கைத் திருப்தி ஆகியவை சற்றுக் கூடுதலாக இருப்பதாக அவர்களே கூறினர்.

ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. பொழுதுபோக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே நலமாக இருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கில் ஈடுபடுவது எளிது என்பதும் உண்மை.

இருந்தாலும் நமக்கு இது முக்கியம். 2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. வேலையை விட்டதும் நாளை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி நம்மில் பலர் வீட்டில் வரப்போகிறது. அப்போது தேடுவதைவிட இப்போதே தொடங்குவது நல்லது.

சரி, பட்டியலுக்குப் போவோம்.

1. பறவை பார்ப்பது

சிங்கப்பூர் சின்ன நாடு. ஆனால் இங்கே 400க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. காரணம், நாம் இருக்கும் இடம். சைபீரியா, சீனா போன்ற வடபகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் பறவைகளின் வலசைப் பாதையில் சிங்கப்பூர் ஓர் இளைப்பாறும் இடம். சுமார் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குச் சென்றால், சேற்றில் இரை தேடும் உள்ளான்களைக் கூட்டமாகப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வீவக புளோக் கீழேயே ஆரம்பிக்கலாம். விடியுமுன்பே கூவி நம் தூக்கத்தைக் கெடுக்கும் குயிலை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? ஆண் குயில் பளபளக்கும் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். இரண்டையும் வெவ்வேறு பறவை என்று நினைப்பவர்கள் அதிகம். சொந்தமாகக் கூடு கட்டாமல் காக்கைக் கூட்டில் முட்டையிடும் பறவை அது.

உணவங்காடி மேசையில் தைரியமாக வந்து உட்காரும் கறுப்பு மைனா இந்த ஊர்ப் பறவையே அல்ல. ஜாவா, பாலித் தீவுகளைச் சேர்ந்தது. இங்கே எங்கு பார்த்தாலும் இருக்கும் அது, சொந்த ஊரில் பிடித்து விற்கப்பட்டு அருகிப்போய்விட்டது.

இன்னொரு கதை இருவாச்சியுடையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு சிங்கப்பூரில் காணாமல் போன இந்தப் பறவை, 1994இல் புலாவ் ஊபினில் மீண்டும் தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை சிறு இடுக்கு வழியாக இரை ஊட்டும். அப்படிப்பட்ட பெரிய பொந்துகள் குறைவு என்பதால் செயற்கைக் கூடுகள் வைக்கப்பட்டன. இன்று பல பூங்காக்களில், சில குடியிருப்புப் பேட்டைகளிலும்கூட இருவாச்சியைப் பார்க்கலாம்.

எப்படித் தொடங்குவது? காலை 7 முதல் 9 மணி வரை சிறந்த நேரம். ஒரு குறிப்பேடு போதும். தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் 8×42 என்ற அளவு ஆரம்பநிலையில் உள்ளவர்களுக்கு ஏற்றது. 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'மெர்லின்' செயலி இலவசம். சத்தத்தைக் கேட்டே எந்தப் பறவை என்று ஊகித்துச் சொல்லும்.

கவனிக்க: வனவிலங்குகளுக்கு, பறவைகள் உட்பட, உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். படம் எடுப்பதற்காகப் பறவையின் குரலைப் பதிவிலிருந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவதும் அதற்குத் தொல்லை.

2. காய்கறித் தோட்டம்

"மாடி வீட்டுல எங்க தோட்டம் போடறது?" என்று கேட்கலாம். வழிகள் மூன்று.

முதலாவது, வீட்டு ஜன்னலோரம் அல்லது தாழ்வாரம். கறிவேப்பிலை, மிளகாய், பண்டான், கங்கோங், வெண்டை எல்லாமே தொட்டியில் வளரும். மிளகாய்க்கும் வெண்டைக்கும் நேரடி வெயில் நிறைய தேவை. வெயில் குறைவான இடத்தில் கீரை வகைகளை முயன்று பார்க்கலாம்.

இரண்டாவது, சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் குடியிருப்புப் பேட்டைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் போன்ற இடங்களில் இப்போது ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டங்கள் உள்ளன. உங்கள் புளோக்கிற்கு அருகே ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். காலையில் அங்கே வேலை செய்பவர்களிடம் போய், "நானும் சேர்ந்துக்கலாமா அங்கிள்?" என்று கேட்டாலே போதும்.

மூன்றாவது, பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் தோட்டப் படுகை. அளவு 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதால் மூத்தோர் அதிகம் குனிய வேண்டியதில்லை. 2016இல் ஹார்ட்பார்க்கில் சோதனை முறையில் ஆரம்பித்த இத்திட்டம் பின்னர் பல பூங்காக்களுக்கு விரிவடைந்தது. குத்தகைக் காலம் அதிகபட்சம் மூன்றாண்டு. கட்டணம் தொடக்கத்தில் ஆண்டுக்கு 57 வெள்ளியாக இருந்தது, பொருள் சேவை வரி தனி. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறது. இப்போதைய கட்டணத்தையும் விண்ணப்பத் தேதியையும் கழகத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கிடைக்கும் காய்கறி மட்டும் லாபமல்ல. பத்தாண்டாக ஒரே மாடியில் இருந்தும் பேசாத சீனப் பாட்டி, உங்கள் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து நின்று பேசுவார். கொஞ்சம் கறிவேப்பிலை போகும், கொஞ்சம் பண்டான் இலை வரும்.

கவனிக்க: தாழ்வாரத்தில் தொட்டி வைத்தால், தீ விபத்து நேர்ந்தால் வெளியேறுவதற்காக 1.2 மீட்டர் அகல வழி விட்டிருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒரு வாரமே போதும்.

3. கடலோரம் நடப்பது

கடற்கரைக்கு நாம் போவது பார்பிகியூ போட, சைக்கிள் ஓட்ட. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போவோர் குறைவு. அப்போதுதான் கடல் தன் தரையைக் காட்டும்: நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, கடல் சாமந்தி, விதவிதமான நண்டுகள்.

நம் கடலோரங்களில் பொதுவாக ஒரு நாளில் இருமுறை நீர் ஏறி இறங்கும். நேரம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுப்பதால் நீர் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். பாட்டி வீட்டு நாட்காட்டியைப் பார்த்தே எந்த வாரத்தில் போகலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். துல்லியமான நேரத்துக்கு இணையத்தில் கிடைக்கும் சிங்கப்பூர் நீரேற்ற அட்டவணையைப் பாருங்கள். 0.5 மீட்டர் அல்லது அதற்குக் குறைவான நீர்மட்டம் நல்லது.

புலாவ் ஊபினில் உள்ள செக் ஜாவா இதற்குப் பெயர்பெற்றது. சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து சிறிய படகு. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். பாதி வேடிக்கை அந்தக் காத்திருப்பில்தான்.

செக் ஜாவா இன்று இருப்பதற்கே பொழுதுபோக்காளர்கள் ஒரு காரணம். 2001இல் அந்தப் பகுதியை மண் கொட்டி நிரப்பும் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் அங்கே போய் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பதிவுசெய்தார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தனர். அறிவியலாளர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் பலகை நடைபாதை திறக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் நடந்து செல்கிறார்கள்.

கவனிக்க: பாதத்தை மூடும் காலணி கட்டாயம். கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முள்ளில் கடுமையான விஷம் உண்டு. எதையும் தொடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். நீர் ஏறத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

4. நாணயம், நோட்டு, தபால்தலை சேர்ப்பது

பழைய பொழுதுபோக்குதான். ஆனால் இந்தப் பட்டியலில் மிக எளிதாகத் தொடங்கக்கூடியதும் இதுதான். உங்கள் பணப்பையைத் திறந்து பாருங்கள்.

சிங்கப்பூர் நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் இருக்கும். தமிழும் உண்டு. தற்போதைய மூன்றாம் வரிசை 2013இல் வந்தது: 1 வெள்ளியில் மெர்லயன், 50 காசில் துறைமுகம், 20 காசில் சாங்கி விமான நிலையம், 10 காசில் வீவக அடுக்குமாடிகள், 5 காசில் எஸ்பிளனேட். அதற்கு முந்தைய, 1985இல் தொடங்கிய வரிசையில் எல்லாம் செடிகொடிகள், பூக்கள். 1967இல் வந்த முதல் வரிசையில் கடல் குதிரை, வாள்மீன் போன்ற உயிரினங்கள். நாடு எதைப் பெருமையாக நினைத்தது என்பதைச் சில்லறைக் காசிலேயே படிக்கலாம்.

நோட்டுகளில் 1976 முதல் 1984 வரை வெளியான வரிசைக்குப் 'பறவை வரிசை' என்றே பெயர். 5 வெள்ளியில் செம்மீசைச் சின்னான், 10 வெள்ளியில் மீன்கொத்தி, 20 வெள்ளியில் தேன்சிட்டு, 1,000 வெள்ளியில் செம்பருந்து. முதல் பொழுதுபோக்கில் பார்க்கும் பறவைகளை இங்கே மறுபடியும் சந்திக்கலாம்!

தபால்தலை சேர்ப்போருக்கு இன்னும் சுவையான வரலாறு உண்டு. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின்கீழ் வந்தன. அதற்கு முன்பு இங்கே புழங்கியவை இந்தியத் தபால்தலைகள். புதிய தலைகள் அச்சாகி வரும்வரை, அதே இந்தியத் தலைகளின்மேல் கிரீடச் சின்னத்தையும் காசு மதிப்பையும் அச்சடித்து விற்றார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இந்தியாவும் சிங்கப்பூரும் பிரிந்த கதை இருக்கிறது.

பிள்ளைகளோடு செய்ய ஏற்ற பொழுதுபோக்கு இது. தாத்தா பாட்டியின் மேசை இழுப்பறையை ஒருநாள் சேர்ந்து கிளறுங்கள். காசோடு கதையும் வரும்.

கவனிக்க: பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். சேர்ப்போரிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும். நம் ஊரின் ஈரக்காற்று தாளுக்கு எதிரி; காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் நாணயத்தைக் கெடுக்கும். இதை முதலீடாக நினைத்துத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சக்கூடும்.

5. ஹாம் வானொலி

இணையமும் வாட்ஸ்அப்பும் இருக்கும் காலத்தில் வானொலியில் பேசுவதா? ஆம். உலகம் முழுவதும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஹாம் என்றால் உரிமம் பெற்ற தனிநபர் வானொலி. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறியீடு உண்டு. சிங்கப்பூரின் குறியீடுகள் '9வி' என்றும் மலேசியாவின் குறியீடுகள் '9எம்' அல்லது '9டபிள்யூ' என்றும் தொடங்கும்.

இதன் சுவாரஸ்யம் என்ன? சிற்றலை வானொலி அலைகள் வானில் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். அது பகலா இரவா, எந்தப் பருவம், சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் இப்போது எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து எந்த நாடு கேட்கும் என்பது மாறும். ஆக, இதில் தூண்டில் போட்டுக் காத்திருக்கும் மீன்பிடிப்பின் சுகம் இருக்கிறது. இன்று யார் மாட்டுவார்கள் என்று தெரியாது.

அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி உண்டு. நிலையம் தலைக்கு மேலே கடக்கும் சுமார் 10 நிமிடத்தில் விண்வெளி வீரர்களோடு பள்ளி மாணவர்கள் பேசும் நிகழ்ச்சிகள் உலகெங்கும் நடக்கின்றன.

விளையாட்டாகத் தொடங்குவது ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது, அந்தமானுக்குப் பொழுதுபோக்காக வானொலி இயக்கச் சென்றிருந்த இந்திய ஹாம் குழுவினர், தொலைபேசி செயலிழந்த நிலையில் தகவல்களை நிலப்பகுதிக்கு அனுப்பினர். உறவினர்களைத் தேடியவர்களுக்கு அவர்களே தொடர்புப் பாலம்.

எப்படித் தொடங்குவது? முதலில் கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வெண்ட பல்கலைக்கழகத்தில் உள்ள வானொலிப் பெறுநரை இணைய உலாவி வழியாகவே யாரும் இயக்கிக் கேட்கலாம். செலவு இல்லை. பிடித்துப்போனால் தேர்வுக்குப் படிக்கலாம்.

கவனிக்க: ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். தேர்ச்சி பெற்ற பிறகு தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்று பார்க்காமல் இணையத்தில் வாங்கிவிடாதீர்கள்.

6. கோலம்

"அது அம்மா, பாட்டி செய்யறது" என்று தள்ளிவிடாதீர்கள். கோலத்துக்குள் கணிதம் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கணித அறிஞர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலோடு இணைத்து ஆராய்ந்தார்கள். ஒரு சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எப்படிப் பெரிய வடிவம் உருவாகிறது என்பதே அவர்கள் கேள்வி. நிரல் எழுதுபவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

தொடங்க ஒரு கட்டத்தாளும் பென்சிலும் போதும். புள்ளி வைப்பதில் இரண்டு முறை. நேர்ப்புள்ளியில் புள்ளிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வரும். பிறகு சிக்குக் கோலத்தை முயன்று பாருங்கள். எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, கோடு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். 3 வரிசையில் எளிதாக இருக்கும். 5, 7 என்று போகும்போது கை நிற்கும், மூளை ஓடும்.

இதில் திரையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தப்பானால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். பாட்டியிடம் பேச விஷயம் இல்லை என்று நெளியும் பதின்ம வயதுப் பேரன், "பாட்டி, இந்த வளைவு எங்க போகுது?" என்று கேட்டால் போதும். அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பேச்சுக்குக் குறைவிருக்காது.

கவனிக்க: பொதுத் தாழ்வாரத்தில் போட்டால் அண்டை வீட்டார் வழுக்கி விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு சுத்தம் செய்துவிடுங்கள்.

விதி தெரியாமல் தொடங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்

இந்த ஆறோடு முடிந்துவிடவில்லை. பட்டம் விடுவது, மீன்பிடிப்பது போன்றவற்றையும் பலர் விரும்புகிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் இவற்றுக்கும் வரையறை உண்டு.

பட்டம்: மரீனா அணைக்கட்டின் புல்வெளிக் கூரை பிரபலமான இடம். கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு, அதாவது சுமார் 60 மீட்டருக்கு மேல் பறக்கவிடவோ, விமான நிலையத்துக்கும் விமானத் தளத்துக்கும் 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடவோ சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை.

மீன்பிடிப்பு: படகுத்துறை போன்ற இடங்களில் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். நீர்த்தேக்கங்களில் ஒதுக்கப்பட்ட பகுதியில் மட்டுமே அனுமதி. அங்கே உயிருள்ள இரையைப் பயன்படுத்தக் கூடாது; செயற்கை இரை மட்டும்தான்.

எனக்கு எது பொருந்தும்?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

வேலையில் எதை அதிகம் பயன்படுத்துகிறீர்கள்? நாள் முழுவதும் கணினித் திரை பார்ப்பவருக்குத் தோட்டமும் கடலோரமும் கண்ணுக்கு ஓய்வு. நாள் முழுவதும் நின்று உழைப்பவருக்கு உட்கார்ந்து செய்யும் நாணயமோ கோலமோ நல்லது.

மனிதர்கள் வேண்டுமா, தனிமை வேண்டுமா? பிள்ளைகள், வாடிக்கையாளர்கள், கூட்டங்கள் என்று இருப்பவருக்குத் தனியாகப் பறவை பார்ப்பது மருந்து. வீட்டில் தனியே இருப்பவருக்குச் சமூகத் தோட்டம் மருந்து. உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் என்னென்ன வகுப்புகள், குழுக்கள் இருக்கின்றன என்றும் விசாரித்துப் பாருங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்? முதல் மூன்று மாதம் எதையும் பெரிதாக வாங்காதீர்கள். ஆசையில் வாங்கிய தொலைநோக்கியும் கிட்டாரும் அலமாரிமேல் தூசி படிந்து கிடப்பது பல வீடுகளில் நடப்பதுதான். நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்கலாம், தெரிந்தவரிடம் கருவி இரவல் கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையின் பொழுதுபோக்கை இன்னொரு துணைப்பாட வகுப்பாக மாற்றிவிடாதீர்கள். "இதைச் செஞ்சா நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவுமா? சான்றிதழ் கிடைக்குமா?" என்று கேட்டவுடனே அது வீட்டுப்பாடமாகிவிடும். கேம் ஏன் பிடிக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே தோற்றாலும் யாரும் திட்டுவதில்லை என்பது பலரின் பதிலாக இருக்கும். புதிய பொழுதுபோக்கிலும் அந்தச் சுதந்திரம் இருந்தால்தான் பிள்ளை அதில் தங்கும்.

இன்னொன்று. "போனைக் கீழே வை" என்று சொல்லிவிட்டு நாம் போனைப் பார்த்தால் எடுபடாது. முதல் சில வாரங்கள் சேர்ந்து செய்யுங்கள்.

மூத்தோருக்கும் இதேதான். "எங்கேயாவது போய்ட்டு வாங்கப்பா" என்று சொல்வது எளிது. முதல்நாள் கூடப் போவதுதான் வேலை.

நான் அப்பாவோடு முதல் மூன்று சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். முதல் வாரம் "இதுக்கா இவ்வளவு சீக்கிரம் எழுப்பின?" என்றார். இரண்டாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். நான்காம் வாரம் எனக்கு வேலை. அவர் தனியாகவே போனார்.

மிட்டாய் விளையாட்டை அவர் விட்டுவிடவில்லை. இரவில் இன்னமும் விளையாடுகிறார். ஆனால் காலையில் சோபா காலி. போன வாரம் அலுவலகத்தில் இருக்கும்போது அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மங்கலாக, பாதி இலை மறைத்து, பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு பறவை.

"இது என்ன பறவைம்மா? ஆந்தையா?"

"பெண் குயில்ப்பா" என்று பதில் அனுப்பினேன்.

"40 வருஷமா இது கத்துறதைக் கேட்டுட்டு இருக்கேன். இப்பதான் பார்க்கறேன்" என்றார்.

கூவுவது ஆண் குயில் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அதை அவரே ஒருநாள் கண்டுபிடிக்கட்டும்.